முத்தை எண்ணாதே

நவம்பர் இருபத்திரண்டு, சனிக்கிழமை, காலை ஆறு மணி ஐம்பது நிமிடம். இரவு இரண்டே காலுக்குப் பிடித்த மழை ஐந்தரைக்கு விட்டிருந்தது. வெளிச்சம் வந்துவிட்டது, வெயில் வரவில்லை. கைப்பேசி அடித்தது. எங்கள் வீட்டுத் தோட்டத்தில் காலையில் இரண்டு மணி நேரம் வேலை செய்யும் பெண் பேசினாள்.

“ஐயா, இன்னிக்கி வரல. ஊட்ல அம்மா வந்துகீறா. எனக்குத்தான். பத்து நாளு ஆவும்.”

அம்மா வந்திருக்கிறாள் என்றால் அம்மை போட்டிருக்கிறது என்று நம் வயதுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதே பெண்ணுக்கு ஆகஸ்ட் மாதத்திலும் இதே அம்மா வந்திருந்தாள். சுவர்க் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அப்போதும் வடக்குச் சுவரோரம் களை எடுத்த பிறகுதான் வந்தாள். நேற்றும் அவள் வடக்குச் சுவரோரம்தான் உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்து கை கழுவும்போது முழங்கை மடிப்பைச் சொறிந்ததைப் பார்த்தேன்.

“இது எத்தனையாவது தடவை?” என்ற கேள்வி என் நாக்கு நுனி வரை வந்தது. அந்தக் கேள்வியை நான் வேறொருவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன், பன்னிரண்டு வயதில். அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்பது பிறகு. முதலில் அந்தப் பன்னிரண்டாம் வயது.

அறுபதைத் தாண்டிய நீங்கள் நம்புவீர்கள், பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்: கும்மிடிப்பூண்டியில் இன்று தகரக் கூரையாய்த் தெரிவதெல்லாம் அன்று வயல், சவுக்கு, வெட்டவெளி. அங்கே முதலில் முளைத்த ஆலைகளில் ஒன்று, இரும்புக் கம்பி இழுப்பது. எங்கள் தெருவில் அதுவரை எல்லோரும் நாற்று நட்டவர்கள், கதிர் அறுத்தவர்கள். ஆலைக்குள் எந்திரத்தருகே போக ஆண்களுக்கே படிப்பு வேண்டியிருந்தது. பெண்களுக்கு ஒரே ஒரு வாசல் திறந்தது. தோட்ட வேலை. ஆலையைச் சுற்றியிருந்த பதினோரு ஏக்கரில் புல்தரை போட வேண்டும், அரளி நட வேண்டும், குரோட்டன்ஸ் வரிசை வைக்க வேண்டும். பொங்கல் கழித்துத் திறப்பு விழா. பதினோரு பெண்களை எடுத்தார்கள். ஏக்கருக்கு ஒருவர் என்று நான் அன்றே வகுத்துப் பார்த்தேன். நாள் கூலி நான்கு ரூபாய்.

அந்தப் பதினோரு பேரில் என் அம்மா ஒருத்தி. பக்கத்து வீட்டில் இருந்த அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, இன்னொருத்தி. அப்பா லாரியில் கிளீனர். நெல்லூர், ஓங்கோல் என்று போய்விடுவார். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம்.

திறப்பு விழா அன்று பதினோரு பேரில் ஆறு பேரை பர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சொல்லை எங்கள் தெருவில் அதற்குமுன் யாரும் உச்சரித்ததில்லை. அந்த ஐப்பசியில் அடுப்படியிலும் குழாயடியிலும் அதே பேச்சு. பர்மனென்ட் ஆனால் மாதச் சம்பளம், வாரத்தில் ஒரு நாள் லீவு, பி.எஃப். அதைவிட முக்கியம், பர்மனென்ட் ஆனவர்களுக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை மட்டும். களையெடுப்பு காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் போய்விடும். அம்மா அந்த ஆறில் ஒருத்தியாக வேண்டும் என்று நான் தினமும் வேண்டிக்கொண்டேன். பதினொன்றில் ஆறு என்பது பாதிக்கு மேல் என்பதால் கொஞ்சம் தைரியமாகவும் இருந்தேன்.

அப்பா ஒருமுறை லாரி ஆபீஸ் டைரி ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். நீல அட்டை, ஒரு நாளுக்கு ஒரு பக்கம், மேலே தேதி அச்சிட்டது. அதுவரை தண்டவாளத்தோரம் நின்று கூட்ஸ் வண்டிப் பெட்டிகளை எண்ணி மனதில் வைத்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய சொத்து. காலையில் எத்தனை இட்லி, மழை எத்தனை மணிக்கு, எல்லாம் எழுதினேன். அம்மா வீட்டுக்கு வந்ததும், “இன்னிக்கி எங்க வேலை?” என்று கேட்டு அதையும் எழுதினேன். கேட், கேன்டீன், குளம், வடக்கு.

வடக்குப் பக்கம்தான் வில்லங்கம். அங்கே காம்பவுண்டை ஒட்டி ஒரு புதுச் செடி இடுப்பளவு வளர்ந்து கிடந்தது. கேரட் இலை போல வெட்டுப்பட்ட இலை. தலையில் ஜவ்வரிசி கொட்டியது போல வெள்ளைப் பூ. கசப்பான வாடை, பூவை உதறினால் மூக்கு நமநமக்கும். பார்த்தீனியம் என்று இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லும். எங்கள் ஊருக்கு அது அப்போது புதிது, ஆடு மாடும் வாய் வைக்காது. வெள்ளைப்பூச் செடி என்று மட்டும் சொன்னோம். வெட்டினால் ஒரு மழைக்கு மறுபடி கணுக்கால் உயரம் வந்துவிடும்.

அக்டோபர் இருபது மாலை அம்மா திரும்பி வந்தபோது முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் செங்கல் பொடி தூவியது போலச் சிவந்திருந்தது. விடிவதற்குள் இமை வீங்கி, கண் திறக்க முடியவில்லை. அத்தை வந்து பார்த்தாள். கையை நெற்றியில் வைத்தாள்.

“மணல்வாரி,” என்றாள். “ஆத்தா வந்துட்டா.”

நிலைப்படியில் வேப்பிலை ஏறியது. பாயில் வேப்பிலை பரப்பி அம்மாவைப் படுக்க வைத்தார்கள். தாளிக்கக் கூடாது, மீன் கூடாது, தலை வாரக் கூடாது. தெருவில் பழைய சாமானுக்குப் பேரீச்சம்பழம் விற்கிறவன் எங்கள் வாசலில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு போனான். அரைத்த மஞ்சளும் வேப்பிலையும் கலந்த வாசனை வீடு முழுக்க. இன்றும் அந்த வாசனை வந்தால் எனக்கு நாக்கில் உப்பில்லாத கஞ்சி தட்டுப்படும்.

நான் அம்மாவின் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இருந்த கொப்புளங்களை எண்ணினேன். நூற்று நாற்பத்து மூன்று. அத்தை என் கையில் பட்டென்று அடித்தாள்.

“முத்த எண்ணாதடா! ஆத்தாளுக்கு ஆவாது.”

“அவன் எதைத்தான் எண்ணாம வுட்டான்?” என்று அம்மா வீங்கிய கண்ணோடு சிரித்தாள். “அன்னிக்கி கொழம்புல கெடந்த கத்திரிக்கா துண்டை எண்ணி, உனக்கு ஒன்னு கொறையிதுன்னான்.”

ஆலைக்குச் சேதி சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். அதற்கு ஒரு முறை இருந்தது. வாய் திறந்து நோய் என்று சொல்லக் கூடாது. ஒரு வேப்பங்கொத்தை எடுத்துக்கொண்டு போய் கேட்டில் மேஸ்திரியிடம் கொடுத்தால் போதும். எங்கள் வீட்டிலிருந்து கேட்டுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு காலடி. மேஸ்திரி கொத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கேட் கம்பியில் செருகினார்.

“சரி, போ. பத்து நாளு கழிச்சி தலைக்கு ஊத்தினு வரச் சொல்லு. எடம் அப்படியே இருக்கும்.”

நல்லபடியாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்த மேஸ்திரியை எனக்குப் பிடிக்காது. அம்மாவை அவர் திட்டுவதை லீவு நாளில் சோறு கொண்டுபோகும்போது கண்ணால் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் கும்பலாய் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டு வடக்கே களை வெட்டும்போது, “ஏ, உன்ன யாரு இங்க நிக்கச் சொன்னது? ஓடு கேட்டாண்ட! குடத்தத் தூக்கு!” என்று அவளை மட்டும் விரட்டுவார். அம்மா தனியாகக் குடம் சுமப்பாள். டைரியில் ஒரு பக்கத்தில் “மேஸ்திரி அம்மாவைத் திட்டியது” என்று தலைப்புப் போட்டுக் கோடு கிழித்துக்கொண்டே வந்தேன். டிசம்பருக்குள் ஒன்பது கோடு.

பத்தாம் நாள் அம்மாவின் தோல் உதிர்ந்து பழையபடி ஆனது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அக்டோபர் முப்பத்தொன்றில் வேலைக்குப் போனாள். நவம்பர் பதினேழு மாலை மறுபடி வந்தது. இந்த முறை காதுக்குப் பின்னாலும். மறுபடி வேப்பிலை, மறுபடி நான், மறுபடி மேஸ்திரி. அவர் முகம் மாறவில்லை. “ஆத்தா இஷ்டம்,” என்றார். நவம்பர் இருபத்தெட்டில் அம்மா திரும்பப் போனாள்.

எனக்குத்தான் தூக்கம் கெட்டது. எங்கள் கணக்கு வாத்தியார் ஏழாம் வகுப்பில், இரண்டு முறை நடந்தால் எழுதி வை, மூன்றாம் முறை நடந்தால் விதியைத் தேடு என்பார். நான் டைரியைப் பின்னோக்கிப் புரட்டினேன். இரண்டு தடவையும் அம்மை வருவதற்கு முன்பு அம்மா வடக்குப் பக்கம் வேலை செய்திருந்தாள். கேட்டில், கேன்டீனில், குளத்தில் இருந்த நாட்களில் ஒரு முத்துகூட இல்லை. அந்த டிசம்பரில் விழா நெருங்குகிறதென்று புது ஆபீசர் பதினோரு பேரையும் ஒட்டுமொத்தமாய் வடக்கே இறக்கினார். பன்னிரண்டாம் தேதி இறக்கினார். பதிமூன்றாம் தேதி மாலை அம்மாவின் முகம் அடையாளம் தெரியவில்லை.

ஒரு விஷயம் எனக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். வடக்கே போகிற நாட்களில் மட்டும் அம்மா அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொள்வாள். கழுத்தில் தேங்காய் எண்ணெய் பூசுவாள். திரும்பியதும் வீட்டுக்குள் வராமல் பம்பு செட்டில் குளித்து, அந்தப் புடவையைத் தனியே அலசிக் கொல்லையில் போடுவாள். இதையெல்லாம் நான் பார்த்தேன். எண்ணக்கூடிய பொருளாக இல்லாததால் டைரியில் ஏற்றவில்லை.

டிசம்பர் பதினான்கு காலை ஏழே கால் மணிக்குக் கொத்தோடு கேட்டுக்குப் போனேன். கக்கத்தில் டைரி இருந்தது. மேஸ்திரி கொத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றினார். பக்கத்தில் அந்தப் புது ஆபீசர் நின்றிருந்தார். இளவயது, மூக்குக்கண்ணாடி, சட்டைப் பையில் பச்சைப் பேனா.

“என்ன மேஸ்திரி இது?”

“அம்மா வந்துகீறா சார். இந்தப் புள்ளயோட அம்மாவுக்கு. பத்து நாளு வராது.”

ஆபீசர் வருகைப் பதிவைப் புரட்டினார். “இது எத்தனையாவது தடவை? மூணாவது. மணல்வாரி ஒருத்தருக்கு மூணு மாசத்துல மூணு தடவை வருமா? எங்க வீட்லயும் வேப்பிலை கட்டியிருக்காங்க மேஸ்திரி, எனக்கும் தெரியும். பொய் சொல்லி லீவு போடுறவங்க பேரை நான் எப்படி லிஸ்டுல வைக்கிறது?”

“ஆத்தா விசயத்துல கணக்கு பாக்கக் கூடாது சார்,” என்றார் மேஸ்திரி.

பொய் என்ற சொல் எனக்குக் காதில் அறைந்தது போல விழுந்தது. அம்மாவின் பெயர் லிஸ்டிலிருந்து போகப் போகிறது, அதுவும் அவள் பொய்க்காரி என்பதால். அதைத் தடுக்க என்னிடம் சான்று இருக்கிறது.

“எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க சார்,” என்றேன். “அது அம்மை இல்ல. அந்தச் செடி.”

மேஸ்திரி என் கால் மேல் மிதித்தார். தவறி மிதித்துவிட்டார் என்று நினைத்துக் காலை இழுத்துக்கொண்டேன். டைரியைத் திறந்தேன்.

“அக்டோபர் பதினேழு வடக்கே போனாங்க, நாலாம் நாள் வந்திச்சி. நவம்பர் பதினாலு போனாங்க, நாலாம் நாள் வந்திச்சி. இப்ப பன்னண்டு போனாங்க, ரெண்டாம் நாளே வந்திச்சி. வேற பக்கம் வேலை செஞ்சப்ப ஒரு தடவகூட இல்ல சார்.”

மேஸ்திரி இன்னொரு முறை மிதித்தார். இந்த முறை வலித்தது. ஆபீசர் அதைப் பார்க்கவில்லை. அவர் குனிந்து என் டைரியைப் படித்துக்கொண்டிருந்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியில் ஒரு துளி கபடம் இல்லை. அதை இன்றும் சத்தியம் செய்து சொல்வேன்.

“தம்பி, நீ எந்தக் கிளாஸ்? இதை எங்க ஆபீஸ்ல யாரும் கண்டுபிடிக்கலையே! இத்தனை நாள் அந்தம்மா இந்தச் செடியில கஷ்டப்பட்டிருக்காங்க, நாம சும்மா இருந்திருக்கோம்.” பையிலிருந்த பச்சைப் பேனாவை எடுத்து என் கையில் வைத்தார். “திங்கக்கிழமை டாக்டரை வரச் சொல்றேன். அம்மாகிட்ட போய்ச் சொல்லு, பயப்பட வேண்டாம்னு.”

திரும்பி ஓடியபோது காலடிகளை எண்ணவில்லை. என் வாழ்க்கையில் எண்ணாமல் கடந்த முதல் தூரம் அது.

டாக்டர் வந்தார். கசக்கிய இலையை அம்மாவின் கையில் வைத்து பிளாஸ்திரி போட்டு, இரண்டு நாள் கழித்துப் பிரித்தார். அந்த இடம் கொப்பளித்திருந்தது. மற்றப் பத்துப் பேரையும் வரிசையில் நிறுத்தி, உங்களுக்கு அரிப்பு உண்டா என்று கேட்டார். பத்துப் பேரும் இல்லை என்றார்கள். அத்தையும் இல்லை என்றாள், ரவிக்கைக் கையை மணிக்கட்டு வரை இழுத்து விட்டுக்கொண்டு.

ஆபீசரே அம்மாவிடம் சொன்னாராம். “உங்க உடம்புக்குத் தோட்ட வேலை ஆகாதும்மா. டாக்டர் எழுதிட்டார். தெரிஞ்சும் உங்களை வேலைக்கு வச்சா பாவம். உங்க நல்லதுக்குத்தான்.” பதினைந்து நாள் கூலி அறுபது ரூபாயும் ஒரு களிம்புக் குழாயும் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது என்று அம்மாவே சொன்னாள். பொய் என்ற பழி போயிற்று. கூடவே லிஸ்டில் இருந்த பெயரும் போயிற்று. மறுநாளிலிருந்து கேட்டில் வேப்பங்கொத்தை வாங்குவதில்லை என்றும், லீவு வேண்டுமானால் டாக்டர் சீட்டு வேண்டும் என்றும் எழுதி ஒட்டினார்கள்.

அன்று மாலை அத்தை எங்கள் வீட்டுக்குள் வந்த வேகத்தில் நிலைப்படியில் காய்ந்து தொங்கிய வேப்பிலை உதிர்ந்தது.

“எங்கடா அந்தக் கணக்குப் புள்ள? பெரிசா கண்டுபுட்ச்சிட்டியே! அது செடின்னு எங்களுக்குத் தெரியாதாடா? பதினோரு பேருக்கும் தெரியும். மேஸ்திரிக்குத் தெரியும். செடின்னு சொன்னா சீட்டக் கிழிப்பான், ஆத்தான்னா எவனும் வாயத் தொறக்க மாட்டான். பத்து நாளு ஊட்ல குந்தினா ஒடம்பு தேறும், வேலையும் நிக்கும். அதான் ஆத்தா. இப்ப எவளுக்கும் இல்லாமப் பண்ணிட்டியே நைனா!”

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். மேஸ்திரி அம்மாவை வடக்கிலிருந்து கேட்டுக்கு விரட்டிய ஒன்பது கோடுகளும் அந்த நிமிடம் எனக்கு வேறாகத் தெரிந்தன.

“வுடு, கொயந்த,” என்றாள் அம்மா.

“கொயந்தையா இது? தாசில்தாரு!”

அத்தை போன பிறகு அம்மா விளக்கருகே உட்கார்ந்தாள். முகத்தில் வீக்கம் பாதி வடிந்திருந்தது. “அந்தப் பொஸ்தகத்த எடு,” என்றாள். “படி.”

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் படித்தேன். அக்டோபர் பதினேழு, வடக்கு. அவள் தலையாட்டினாள். இருபது, முத்து. தலையாட்டினாள். நவம்பர் பதினாலு, வடக்கு.

“அது தப்பு,” என்றாள்.

“எழுதிக்கீதும்மா.”

“தப்பா எழுதிக்கீது. பதினாலு உங்க இஸ்கூல்ல முட்டாய் குடுத்தாங்க. நீ பாதிய எனக்கு வச்சிக்கினு இருந்த. நான் கேட்டாண்ட தண்ணி ஊத்திட்டு சேத்துக் காலோட வந்தேன். காலக் கழுவுனாதான் முட்டாய்னு சொன்ன. வடக்கால போனது அதுக்கு மக்யா நாளு.”

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. மிட்டாய் மகிழ்ச்சியில் அன்று எழுதாமல் விட்டு, பிறகு சேர்த்து எழுதியிருக்கிறேன். நவம்பர் பதினைந்து என்றால் பதினேழு நான்காம் நாள் இல்லை. மூன்றாம் நாள்.

“நாலு, மூணு, ரெண்டு,” என்றாள் அம்மா, விரலை மடக்கிக்கொண்டே. “அடுத்த தபா ஒன்னு. போன ஒடனே வந்துரும். அதுக்குள்ள பொங்கல் முடிஞ்சி கையெழுத்துப் போட்டுருவான்னு பாத்துக்கினு இருந்தேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை. அழவில்லை. நான்தான் அழுதேன். பேனாவை எடுத்துக் கொல்லைக் கிணற்றில் போடப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பேனா உன்ன இன்னா பண்ணிச்சி? குடு இங்க.”

வாங்கி ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை அன்று எடுத்துக் கொடுத்தாள். மை காய்ந்து போயிருந்தது. வெந்நீரில் கழுவி அதிலேயே எழுதினேன். கணக்கில் தொண்ணூற்றாறு. பிறகு மூன்று வீடு மாறியதில் பேனா எங்கே போயிற்று என்று தெரியவில்லை. டைரியும் போயிற்று. தேதிகள் மட்டும் போகவில்லை.

அப்பா வந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “துட்டு போனாப் போவுது, கண்ணு தப்பிச்சிதே,” என்றார். அம்மா தை மாதத்திலிருந்து ஆரம்பாக்கம் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் ரயிலில் போனாள். பதினான்கு வருடம் போனாள். அதன் பிறகு அவள் தோலில் ஒரு முத்து வந்ததில்லை. எழுபத்தெட்டு வயதில் இறந்தபோதும் அந்தக் கை வழவழவென்றுதான் இருந்தது. நான் தடவிப் பார்த்தேன்.

அத்தை அந்த ஆறில் ஒருத்தி ஆனாள். இருபத்து மூன்று வருடம் வேலை செய்தாள். பி.எஃப். பணத்தில் இரண்டு மகள்களுக்குக் கல்யாணம் செய்தாள். ஆனால் தண்ணீர் ஊற்றும் வேலை என்று சொன்னது முதல் இரண்டு வருடம்தான். பிறகு காண்ட்ராக்ட் ஆட்களை நிறுத்திவிட்டுக் களையையும் இவர்கள் தலையிலேயே கட்டினார்கள். வேப்பங்கொத்து வழியை நான் அடைத்துவிட்டேன். டாக்டர் சீட்டு கேட்டால் பெயர் போகும். அத்தை இரண்டையும் கேட்கவில்லை. கொளுத்தும் சித்திரையிலும் முழுக்கை ரவிக்கை போட்டாள். “இன்னா, சினிமா ஸ்டாரா?” என்று தெருவில் கேலி செய்வார்கள். கடைசிக் காலத்தில் அவள் கழுத்துத் தோல் பழைய செருப்புத் தோல் மாதிரி தடித்து, இமை மயிர் உதிர்ந்து போயிருந்தது. ஒரு பொங்கலுக்குப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துத் தன் முழங்கை மடிப்பில் வைத்தாள்.

“எண்ணு பாக்கலாம்,” என்றாள் சிரித்துக்கொண்டு.

எண்ண முடியவில்லை. அங்கே தனித்தனியாய் எதுவும் இல்லை.

ஆகவே அந்த டிசம்பர் பதினான்கில் நான் அம்மாவைக் கெடுத்தேனா, காப்பாற்றினேனா என்பது எனக்கு இன்னும் தீரவில்லை. அம்மாவின் சம்பளத்தை ஒரு பக்கமும் அவள் தோலை இன்னொரு பக்கமும் எழுதி நான்கு முறை போட்டுப் பார்த்தேன். அத்தையின் கழுத்தை எந்தப் பக்கம் எழுதுவது என்ற இடத்தில் நான்கு முறையும் நின்றுபோயிற்று. ஒன்று மட்டும் தெரியும். அம்மா தன் கணக்கைத் தானே போட்டு வைத்திருந்தாள், அது என் கணக்கைவிடச் சரியாக இருந்தது, அவளைக் கேட்காமல் நான் அவளுக்காகப் பேசினேன்.

இனி நவம்பர் இருபத்திரண்டு. கைப்பேசியில் அந்தப் பெண் காத்திருந்தாள். வேலை போய்விடுமோ என்று பயந்திருப்பாள். எங்கள் வீட்டை நம்பி அவள் வேறு இரண்டு வீட்டை விட்டவள்.

“சரிம்மா,” என்றேன். “பத்து நாள் கழிச்சுத் தலைக்கு ஊத்திக்கிட்டு வா. இடம் அப்படியே இருக்கும். கூலி உண்டு.”

“கூலியா? வேல செய்யாததுக்கா?”

“ஆத்தா விஷயத்துல கணக்குப் பாக்கக் கூடாது.”

கைப்பேசியை வைத்ததும் என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “இன்னா சொல்லிச்சி?”

“அம்மை.”

“மறுபடியுமா? போன ஆகஸ்டுலதானே...”

“அம்மை,” என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மருந்துக் கடையில் ரப்பர் கையுறை வாங்கிவந்து, வடக்குச் சுவரோரம் நானே உட்கார்ந்தேன். அவள் திரும்பி வரும்போது அங்கே அந்தச் செடி ஒன்றுகூட இருக்கக் கூடாது. மழை ஈரத்தில் வேரோடு வந்தது. பூத்ததை உதறாமல் சாக்கில் போட்டுக் கட்டினேன். இருநூற்றுப் பதினான்கு செடி. மூன்று நாள் ஆயிற்று. கைக்கு உறை போட்டவன் கழுத்துக்கு ஒன்றும் கட்டவில்லை. மூன்றாம் நாள் மாலை கழுத்து தடித்து, இமை கனத்தது. வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். “லீவு போட்டவளுக்குக் கூலி, களை புடுங்கினவருக்குக் களிம்பு. உங்க கணக்கு இன்னாத்துக்கு ஆவும்?” சிரித்தபடியே தேங்காய் எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

தோல் டாக்டர் எதனால் வந்தது என்று கேட்டார். செடி என்றேன். என்னுடையதை மட்டும்தான் சொன்னேன்.

டிசம்பர் இரண்டாம் தேதி காலை அந்தப் பெண் தலை குளித்து, மஞ்சள் பூசி, வந்து நின்றாள். வடக்குச் சுவரைப் பார்த்தாள். வெறும் மண். என் கழுத்தைப் பார்த்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றப் போனாள்.

பத்து நாள் கூலி, நாளுக்கு இருநூறு வீதம், இரண்டாயிரம். கையுறை நூற்று நாற்பது. டாக்டருக்கு அறுநூறு. களிம்பு இருநூற்று எண்பத்தைந்து. மாத்திரை தொண்ணூற்றாறு. ஆக மொத்தம் மூவாயிரத்து நூற்று இருபத்தோரு ரூபாய்.